மகளுக்குக் களத்தில் எந்த இடம்? சாஃப்ட்பால் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிரிக்கும் வழிமுறை

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து காரில் ஏறியவள், சீட் பெல்ட்டைக்கூடப் போடாமல் கேட்டாள்: "அம்மா, நான் எந்த எடத்துலதான் நல்லா ஆடுவேன்?" என் மகளுக்கு அப்போது 9 வயது. அன்று மூன்று இன்னிங்சில் மூன்று இடங்களில் நிறுத்தினார்கள். மூன்றிலும் பந்தை விட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தேடித்தான் எங்கள் ஊர் லீகில் உதவி கோச்சாகச் சேர்ந்தேன். ஆறு சீசன் ஆகிவிட்டது. 10 வயதுக்கு உட்பட்டோர், 12 வயதுக்கு உட்பட்டோர் என்று இரண்டு பிரிவுகளிலும் நின்று பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் மகளை சாஃப்ட்பாலில், அதாவது சின்னக் களத்தில் ஆடும் பேஸ்பால் மாதிரியான ஆட்டத்தில், சேர்த்துவிட்டு இதே கேள்வியோடு வேலி ஓரம் நிற்கிற தமிழ் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு பெண் பந்தை விட்டதும் எல்லோருடைய கண்ணும் உருண்டோடும் பந்தின் பின்னாலேயே போகும். விஷயம் இருப்பது அதற்கு முந்தைய அரை நொடியில். முதல் அடியை எந்தப் பக்கம் வைத்தாள், கண் எங்கே இருந்தது, கிளவ் எப்போது கீழே இறங்கியது என்று பாருங்கள். வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும் இரண்டு பிழைகளில் ஒன்று பத்து நாள் பழகினால் போய்விடும். இன்னொன்று, இந்த இடம் அவளுக்குச் சரிவராது என்று அவள் உடம்பே சொல்கிற சேதி. இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு கணக்கு சட்டென்று புரியும். கிரிக்கெட் பிட்ச் 66 அடி. சாஃப்ட்பாலில் ஹோமில் நின்று பந்தை அடித்தவள் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று சுற்றி ஓடி மறுபடி ஹோமுக்கு வர வேண்டும்; இந்த நான்கு மூலைகள்தான் பேஸ். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸ் 60 அடிதான். பன்ட் (பந்தை மெல்லத் தட்டி அருகிலேயே உருளவிடும் அடி) வரலாம் என்று தேர்ட் பேஸில் நிற்பவள் நாலைந்து எட்டு முன்னே வந்துவிட்டால், அடிப்பவளுக்கும் அவளுக்கும் நடுவே 45 அடிகூட இருக்காது. பந்தும் பெயரில்தான் சாஃப்ட். 12 வயதுப் பிரிவில் ஆடும், சுற்றளவு 12 அங்குலம் உள்ள பந்து கிட்டத்தட்ட 180 முதல் 200 கிராம் இருக்கும். கிரிக்கெட் பந்தைவிடக் கனம். 10 வயதுப் பிரிவுக்கு 11 அங்குலப் பந்து.

அதனால் இந்த ஆட்டத்தில் இடம் என்பது முதலில் நேரக் கணக்கு. தேர்ட் பேஸில் யோசிக்க நேரமே கிடைக்காது, ஆனால் எறிய வேண்டிய தூரம் அதிகம். செகண்ட் பேஸில் பந்தைப் பார்க்க நேரம் உண்டு, எறியும் தூரமும் குறைவு. செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஓட்டமும் வேண்டும், கையும் வேண்டும். பேஸ்களுக்குப் பின்னால் விரியும் அவுட்ஃபீல்டில் நேரம் நிறைய, ஓட வேண்டிய நிலமும் நிறைய. அடிப்பவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு ஒவ்வொரு பந்திலும் வேலை. உங்கள் மகளுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தால் நன்றாக ஆடுகிறாள் என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்கப் போகிறோம்.

முதலில் ஒரு மாலைப்பொழுது

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒரு நாள் அவளோடு மட்டும் மைதானத்துக்குப் போங்கள். ஒரு பக்கெட் பந்து, ஒரு டென்னிஸ் பந்து, ஒரு நோட்டு. கோச் மாதிரி திருத்த வேண்டாம், பார்த்து எழுதினால் போதும்.

தரைப் பந்து பதினைந்து உருட்டுங்கள்: ஐந்து நேராக, ஐந்து இடப்பக்கம், ஐந்து வலப்பக்கம். பிடித்தாளா இல்லையா என்பதை எழுதாதீர்கள். முதல் அடி சரியான பக்கம் போனதா என்று மட்டும் குறியுங்கள். அப்புறம் 60 அடியில் நீங்கள் கிளவோடு நில்லுங்கள். பத்து எறியச் சொல்லி, நெஞ்சளவில் வந்தவற்றை எண்ணுங்கள். உயரப் பந்து பத்து போடுங்கள். இங்கேயும் முதல் அடிதான். கடைசியாக டென்னிஸ் பந்து. அவள் பத்தடி தள்ளி நிற்கட்டும். தோள் உயரத்திலிருந்து சொல்லாமல் பந்தை விடுங்கள். இரண்டாவது முறை தரையைத் தொடுவதற்குள் ஓடி வந்து பிடிக்க வேண்டும். உடம்பு எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்டும் சோதனையை நான் பார்த்ததில்லை. அணியிலேயே வேகமாக ஓடும் பெண் இதில் தடுமாறுவாள், ஓட்டத்தில் கடைசியாக வருபவள் பத்துக்கு ஒன்பது பிடிப்பாள். முன்னவளுக்கு அவுட்ஃபீல்டு, பின்னவளுக்கு தேர்ட் பேஸ் என்று அங்கேயே ஒரு கோடு தெரிய ஆரம்பிக்கும்.

அறிகுறி: தரைப் பந்து காலுக்கு நடுவே புகுந்து போகிறது

அதிகம் கேட்கிற புகார் இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "குனிடி, குனி!" என்று வேலிக்கு வெளியிலிருந்து கத்துகிறோம். குனியாதது காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அடிப்பவளுக்குப் பந்து எறியும் பிட்சர் கை சுழற்றும்போது உங்கள் மகளின் குதிகாலைப் பாருங்கள். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்திருந்தால் பிழை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பந்து மட்டையில் படும் கணத்தில் உடல் எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். கோ-கோவில் எழுந்து ஓடக் காத்திருப்பவள் உட்கார்ந்திருப்பாளே, ஒரு காலை ஊன்றி, எந்த நொடியும் கிளம்புகிற மாதிரி, அந்த நிலைதான். நான் பள்ளியில் கோ-கோ ஆடியவள். என் மகளுக்கு வீட்டுக் கூடத்தில் அப்படி உட்கார்ந்து காட்டித்தான் இதைப் புரியவைத்தேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒரு சின்னக் குதி போடப் பழக்குங்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். தெரிந்தால் இது இடத்தைப் பற்றிய பிழையே இல்லை; இடத்தை மாற்ற வேண்டாம்.

குதிகால் சரியாக இருந்தும் பந்து புகுந்து போகிறதா? கிளவைப் பாருங்கள். பந்து வந்து சேரும்போது கிளவ் மேலிருந்து கீழே இறங்குகிறதா, தரையிலிருந்து மேலே வருகிறதா? மேலிருந்து இறங்குகிற கிளவ் எப்போதும் பிந்தும். தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். துள்ளி வந்தால் மேலே தூக்குவது எளிது, கீழே இறக்குவது கடினம். இதுவும் பழக்கினால் போகும்.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. நேராக வரும் பந்தை அழகாகப் பிடிக்கிறாள், பக்கவாட்டில் வருவதை மட்டும் தவறவிடுகிறாள், நோட்டில் முதல் அடி பாதிக்கு மேல் தப்பாகவே இருக்கிறது. இவளை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தினால் ஒவ்வொரு ஆட்டமும் தண்டனைதான். ஃபர்ஸ்ட் பேஸைப் பாருங்கள். அங்கே பெரும்பாலான வேலை தன்னை நோக்கி எறியப்படும் பந்தைப் பிடிப்பது. தரையில் குத்தி வரும் மோசமான எறிதலை அள்ளி எடுப்பவள் அணியின் எல்லோருடைய பிழையையும் அழிக்கிறாள். இளம் அணிகளில் நல்ல ஃபர்ஸ்ட் பேஸ் பெண்ணின் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. உயரமாக இருப்பவள்தான் அங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்வார்கள். உயரம் உதவும்தான், ஆனால் பயப்படாத கை அதைவிட உதவும்.

அறிகுறி: பிடித்துவிடுகிறாள், எறிவதற்குள் ரன்னர் சேர்ந்துவிடுகிறாள்

முதல் சந்தேகம் கிளவ் மீது வரட்டும். வளரும் பிள்ளைதானே என்று பள்ளிச் சீருடையை ஒரு சைஸ் பெரிதாக எடுக்கும் நம் வழக்கம் இங்கே உதவாது. 9 வயதுப் பெண்ணுக்கு 12 அரை அங்குல கிளவ் வாங்கிக் கொடுத்தால் பந்து உள்ளே போய்த் தொலைந்துவிடும், அவள் துழாவிக்கொண்டிருப்பாள். பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டில் ஆடும் சின்னப் பெண்ணுக்கு 11 அல்லது 11 அரை போதும். புது கிளவ் என்றால் தோல் இறுகியிருக்கும், அவள் கையால் மூட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தினமும் கால் மணி நேரம் உள்ளே பந்தைக் குத்தி மிருதுவாக்குங்கள்.

கிளவ் சரி என்றால், இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கிறாளா என்று பாருங்கள். வலக்கை கிளவுக்கு அருகிலேயே இருந்தால் பந்து பட்டதும் எடுத்துவிடலாம். முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் அங்கிருந்து வந்து சேர ஒரு நொடி. என் ஸ்டாப்வாட்சில் 10 வயதுப் பிரிவுப் பெண்கள் பலர் ஃபர்ஸ்ட் பேஸை 4 நொடியில் தொட்டுவிடுகிறார்கள். அந்த 4-இல் ஒன்று போனால் மீதி என்ன இருக்கிறது?

இரண்டும் சரியாக இருந்தும் எறிதல் மெதுவாகவே போகிறது என்றால் அவள் கையின் பலம் இன்றைக்கு அவ்வளவுதான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. செகண்ட் பேஸ் அவளுக்கான இடம். ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்திலேயே இருக்கிறது, குட்டியாக எறிந்தால் போதும். ஆனால் செகண்ட் பேஸைக் கை பலமில்லாதவள் ஒதுங்கும் மூலை என்று நினைத்துவிடாதீர்கள். பன்ட் வந்தால் ஃபர்ஸ்ட் பேஸ் பெண் பந்தை எடுக்க முன்னே பாய்வாள்; காலியான அந்தப் பேஸுக்கு ஓடிப்போய் நிற்க வேண்டியவள் செகண்ட் பேஸ் பெண்தான். கவனம் சிதறாத பிள்ளைதான் அங்கே நிற்க முடியும்.

அறிகுறி: வேகமாக எறிகிறாள், எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது

பந்தை எப்படிப் பிடித்திருக்கிறாள் என்று நிறுத்திப் பாருங்கள். விரல்கள் தையலின் குறுக்கே இருக்க வேண்டும். தையல் ஓடும் திசையிலேயே விரலை வைத்தால் பந்து போகும் வழியில் வளையும். சின்னக் கை என்றால் மூன்று விரல் வைத்துப் பிடிக்கலாம், தப்பில்லை. அடுத்தது, எறியும்போது இடது தோள் இலக்கைப் பார்க்கிறதா என்பது. நெஞ்சை முன்னால் திறந்துவைத்துக்கொண்டு எறிந்தால் பந்து பக்கவாட்டில் ஓடும்.

இவை திருந்திய பிறகும் பத்துக்கு ஐந்துதான் நெஞ்சுக்கு வருகிறது, ஆனால் அந்த ஐந்தும் சீறிக்கொண்டு வருகிறது என்றால் அவுட்ஃபீல்டில் வைத்துப் பாருங்கள். அங்கிருந்து எறியுமுன் ஒரு துள்ளு போட இடம் இருக்கிறது. உடம்பு திரும்ப, தோள் நேராக, இலக்கைப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது. இன்ஃபீல்டின் அவசரம்தான் பல பெண்களின் எறிதலைக் கெடுக்கிறது.

ரைட் ஃபீல்டு (ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பின்னால் உள்ள அவுட்ஃபீல்டு) என்றதும், மகளை ஒதுக்கிவிட்டார்கள் என்று முகம் வாடும் பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். சாஃப்ட்பால் களம் சின்னது. ரைட் ஃபீல்டில் நிற்பவள் சற்று முன்னே வந்து நின்றால், தரையோடு வரும் அடியை எடுத்து நேரே ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கலாம். அடித்தவள் சிங்கிள் என்று நினைத்து நிதானமாக ஓடிக்கொண்டிருப்பாள். எங்கள் அணியில் ஒரு பெண் ஒரே ஆட்டத்தில் இதை இரண்டு முறை செய்தாள். எதிர் டக்அவுட்டிலிருந்து அடுத்த இன்னிங்சில், "ஓடு, ரைட்டைப் பார்க்காதே, ஓடு!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

அறிகுறி: உயரப் பந்து தலைக்கு மேல் போகிறது, அல்லது முன்னால் விழுகிறது

தலைக்கு மேல் போகிறது என்றால் முதல் அடியை முன்னால் வைக்கிறாள். பின்னால் ஓடுவதைவிட முன்னால் ஓடி வருவது எளிது. அதனால் சந்தேகம் வந்தால் முதல் அடி பின்னால் இருக்கட்டும் என்று பழக்க வேண்டும். முதுகு காட்டாமல், பக்கவாட்டில் திரும்பி ஓடச் சொல்லுங்கள்.

ஒரு வேளை சில பந்து மேலே, சில பந்து முன்னே, எந்த ஒழுங்கும் இல்லாமல் தவறுகிறதா? அடுத்த பயிற்சிக்குமுன் கண் டாக்டரிடம் காட்டுங்கள். நான் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். பந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது இரண்டு கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை. வகுப்பில் கரும்பலகை தெரிகிறது என்பதால் கண் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஒரு சீசன் முழுக்க "கவனமில்லாதவள்" என்று பெயர் வாங்கிய பெண் கண்ணாடி போட்ட இரண்டாம் வாரம் சென்டர் ஃபீல்டில் ஓடி ஓடிப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்

இது பயம். பயத்தைப் பிழை என்று சொல்லாதீர்கள். 200 கிராம் பந்து முகத்துக்கு நேரே வந்தால் திரும்புவது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. முகத்தைத் திருப்பினால் பந்து கண்ணை விட்டுப் போகிறது, அப்போதுதான் அடி படுகிறது. இன்ஃபீல்டில் ஆடும் பெண்களுக்குக் கம்பி போட்ட முகக் கவசம் உண்டு. முதலில் அதை வாங்குங்கள். ஒரு மாதம் மென்மையான பயிற்சிப் பந்தில் ஆடட்டும். பயம் மெல்ல இறங்கும்.

இறங்கும் வரை தேர்ட் பேஸிலும் பிட்சரிலும் நிறுத்த வேண்டாம் என்று கோச்சிடம் நீங்களே சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. "தைரியம் வரட்டும்" என்று அடிப்பவளுக்கு மிக அருகே நிறுத்துவது தைரியத்தைக் கொண்டுவராது, சீசன் முடிவில் கிளவைத் தூக்கிப் போட வைக்கும். பந்து அடிபட்டு வந்து சேர நேரம் இருக்கும் இடத்தில், செகண்ட் பேஸிலோ லெஃப்ட் ஃபீல்டிலோ, அவள் தன் கையை நம்பக் கற்றுக்கொள்வாள்.

அறிகுறி: அவுட்ஃபீல்டில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்

என் மகளின் அறிகுறி இதுதான். லெஃப்ட் ஃபீல்டில் நின்று தொப்பியைக் கழற்றிக் காற்றில் வீசிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் விளையாட்டில் ஆர்வம் இல்லை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அவள் பேசியது வேறு. எதிர் அணியின் பிட்சர் மெதுவான பந்தைப் போடுமுன் முகத்தைச் சுளிக்கிறாள் என்றாள். யார் யார் முதல் பந்திலேயே மட்டை வீசுகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஆர்வம் இல்லாமல் எப்படி இருக்கும்? இருந்த இடத்தில் அவளுக்கு வேலைதான் இல்லை.

அடுத்த பயிற்சியில் கேட்சர் இடத்துக்கு ஆள் வரவில்லை. இவளை உட்கார வைத்தோம். காலில் கவசத்தின் கொக்கிகளை உள்பக்கமாக மாட்டிவிட்டாள். நான் கழற்றி வெளிப்பக்கமாக மாட்டினேன், உள்ளே இருந்தால் ஓடும்போது ஒன்றோடொன்று சிக்கும். நெஞ்சுக் கவசம் முழங்கால் வரை தொங்கியது. முகக் கவசத்துக்குள்ளிருந்து, "அம்மா, இங்கேர்ந்து எல்லாரையும் பாக்க முடியுது" என்றாள். ஒன்பது பேரில் களம் முழுவதையும் பார்த்துக்கொண்டு ஆடுபவள் கேட்சர் ஒருத்திதான். மற்ற எட்டு பேரும் அவளைப் பார்த்து நிற்கிறார்கள். அன்று அவள் தவறவிட்ட பந்துகள் எத்தனையோ. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பிறகு எழுந்து ஓடினாள்.

சும்மா நிற்க முடியாத, ஆனால் கவனிக்கத் தெரிந்த பெண்ணுக்குக் கேட்சரைப் பரிசீலியுங்கள். சோதனை எளிது. அவள் முழங்காலிட்டு உட்காரட்டும், பத்தடியிலிருந்து டென்னிஸ் பந்தைத் தரையில் குத்தி எறியுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், நெஞ்சால் தடுக்கட்டும். நாலாவது பந்தில் சிரித்தால் அவள் கேட்சர். செகண்ட் பேஸுக்கு ஓடும் ரன்னரை அவுட் ஆக்க எறிய வேண்டிய தூரத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஹோமிலிருந்து செகண்ட் பேஸ் கிட்டத்தட்ட 85 அடி. 10 வயதில் பலருக்கு அது ஒரே குத்தில்தான் சேரும். ஒரே குத்தில் நேராகப் போனால் போதும். சாஃப்ட்பாலில் பிட்சர் பந்தை விடும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது என்பதால் கேட்சருக்கு அந்தச் சின்ன அவகாசம் உண்டு.

அறிகுறி: பந்து கைக்கு வந்ததும் சிலையாகிவிடுகிறாள்

கை கால் நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கே எறிவது என்று தெரியாமல் நிற்கிறாள். ஒவ்வொரு பந்துக்கும் முன் அவள் வாயால் சொல்ல வேண்டும்: "எத்தனை அவுட், யார் எங்கே, எனக்கு வந்தால் எங்கே." சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பி, சர்க்கரை டப்பா, டம்ளர், தட்டு என நாலு பேஸ் வைத்து விளையாடுங்கள். "ஃபர்ஸ்டில் ஆள், ஒரு அவுட், பந்து உன்கிட்ட, எங்க எறிவே?" ஒரு மாதம் ஆடினால் பாதிப் பெண்களுக்கு இது போய்விடும். போகாதவர்களுக்கு, எறியும் திசை அனேகமாக ஒன்றாகவே இருக்கும் இடங்கள் நல்லது: ரைட் ஃபீல்டு, ஃபர்ஸ்ட் பேஸ்.

இதற்கு நேர் எதிரான பெண்ணும் உண்டு. பந்து தன்னிடம் வராதபோதும் ஓடிக்கொண்டே இருப்பாள், அடுத்தவளுக்குப் பின்னால் போய் நிற்பாள். அவளைத் தயங்காமல் ஷார்ட்ஸ்டாப்பில் வையுங்கள், கை பலம் பின்னால் வரும். 2021 ஜூலையில் யோகோஹாமாவில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஆறாவது இன்னிங்ஸ், அமெரிக்க அணி அடிக்கிறது, பேஸில் ஆட்கள் இருக்கிறார்கள். பலமாக வந்த அடி ஜப்பானின் தேர்ட் பேஸில் நின்ற யூ யமமோட்டோவின் கையில் பட்டுத் தெறித்தது. தரையைத் தொடுமுன் ஷார்ட்ஸ்டாப் மனா அட்சுமி அதைப் பிடித்து செகண்ட் பேஸுக்கு எறிந்தார். அடித்தவரும் அவுட், பேஸை விட்டுக் கிளம்பியிருந்த ரன்னரும் அவுட்: ஒரே பந்தில் இரண்டு அவுட். ஜப்பான் 2-0 என்று தங்கம் வென்றது. தெறித்த பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அட்சுமியின் கால்களைக் கவனியுங்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், அந்த அரை நொடி தெரியும்.

அறிகுறி: இடது கையால் எறிபவள்

இது பிழை இல்லை, ஆனால் இடத்தைத் தீர்மானிக்கும். ஷார்ட்ஸ்டாப், தேர்ட், செகண்ட் பேஸ்களில் நின்றால் ஃபர்ஸ்டுக்கு எறிய உடம்பைத் திருப்ப வேண்டியிருக்கும், நேரம் போகும். ஃபர்ஸ்ட் பேஸ், பிட்சர், அவுட்ஃபீல்டு ஆகியவை அவளுக்கு இயல்பானவை. சின்ன வயதில் மற்ற இடங்களிலும் ஆடிப் பார்க்கட்டும், கற்றுக்கொள்வாள்.

அறிகுறி: போன சீசன் நன்றாக ஆடினாள், இப்போது எல்லாமே தடுமாறுகிறது

பேண்ட் குட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். 10 முதல் 13 வயதுக்குள் பெரும்பாலான பெண்கள் வேகமாக உயர்கிறார்கள். கை கால் நீண்டு, உடம்புக்குப் பழைய கணக்கு பொருந்தாமல் சில மாதம் தடுமாறும். இந்தச் சமயத்தில் எந்த இடத்தையும் முடிவு செய்யாதீர்கள், எந்த இடத்தையும் பறிக்காதீர்கள்.

எறியும்போது முகம் சுருங்கினால், அல்லது தோளையோ முழங்கையையோ தடவிக்கொண்டால், அன்றே எறிவதை நிறுத்துங்கள். வளரும் எலும்பின் முனையில் இருக்கும் மென்மையான வளர்ச்சித் தட்டு, திரும்பத் திரும்ப எறிவதால் பாதிக்கப்படும். ஐஸ் வைத்து அடுத்த நாள் அனுப்புவது மருந்து ஆகாது. டாக்டர் பார்க்கட்டும். பிட்சரும் கேட்சருமாக ஒரே பெண்ணை மாறி மாறி நிறுத்தும் அணியில் இதை இரட்டைக் கவனத்தோடு பாருங்கள்.

அறிகுறி: ஒரு பிழை செய்தால் அடுத்த மூன்று பந்தும் போய்விடுகிறது

கை கிளவில் இருக்கும், மனம் போன பந்திலேயே நிற்கும். அவளுக்கென்று ஒரு சின்னச் செய்கை கற்றுக்கொடுங்கள்: மண்ணைக் காலால் ஒரு முறை துடைத்துவிட்டு நிமிர வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வேலிக்கு வெளியே தலையில் கை வைக்காமல் இருப்பதும் சிகிச்சையில் சேர்த்தி. பிள்ளைகள் பந்தை விட்டதும் முதலில் பார்ப்பது நம் முகத்தைத்தான். இந்தப் பெண்ணை அடுத்தடுத்துப் பந்து வரும் இடத்தில் வைத்தால் சில நேரம் குணமாகும், பிழையை நினைக்க நேரமே இருக்காது. சிலருக்கு நேரெதிர். இரண்டையும் ஆடிப் பார்த்துதான் தெரியும்.

அறிகுறி: கோச் இடத்தை மாற்றவே மாட்டேன் என்கிறார்

ஆட்டம் முடிந்த சூட்டில் போகாதீர்கள். மறுநாள் போங்கள், அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். "என் மகளுக்கு ஏன் ஷார்ட்ஸ்டாப் இல்லை?" என்று கேட்டால் வாதம் வரும். "வீட்டில் இவளை எதில் பழக்கட்டும்? எது சரியானால் இன்ஃபீல்டில் ஒரு இன்னிங்ஸ் தருவீர்கள்?" என்று கேட்டால் பதில் வரும். நான் கோச்சாக இருந்து சொல்கிறேன், இப்படிக் கேட்ட பெற்றோரின் பிள்ளைக்கு அடுத்த வாரமே ஒரு இன்னிங்ஸ் ஒதுக்கியிருக்கிறேன். அதோடு, மகளே கேட்டால் இன்னும் நல்லது. பதினொரு வயதுப் பெண் கோச்சின் முகத்தைப் பார்த்து, "எனக்கு தேர்ட் பேஸ் ஆட ஆசை" என்று சொல்வதற்கு நாம் வீட்டில் ஒத்திகை பார்க்கலாம்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, அவள் ஆசைப்படுவது வேறு இடம்

நோட்டு செகண்ட் பேஸ் என்கிறது, அவள் பிட்சர் என்கிறாள். அனேகமாக பிட்சர்தான், வட்டத்தின் நடுவில் நிற்கும் பெண்ணைப் பார்த்து எல்லோருக்கும் அந்த ஆசை வரும். நோட்டைக் காட்டி மறுக்காதீர்கள். கையைக் காற்றாலை மாதிரி சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து விடும் அந்த எறிதல் களத்தின் வேறு எந்த வேலையைப் போலவும் இல்லாதது. தரைப் பந்தில் தடுமாறுபவள் அதில் தேறலாம். 10 வயதுப் பிரிவில் பிட்சர் எறியும் தூரம் 35 அடி, 12-இல் 40 அடி. வீட்டுக்குப் பின்னால் 35 அடியை அளந்து கோடு போடுங்கள். வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், ஆறு வாரம். நினைவுபடுத்தாதீர்கள், அவளாக வந்து "அம்மா, வா போலாம்" என்று கூப்பிடுகிறாளா என்று மட்டும் பாருங்கள். கூப்பிட்டால் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, கிளவை மாட்டிக்கொண்டு எதிரே உட்காருங்கள். உங்களுக்கும் ஒரு முகக் கவசம் வேண்டும். முதல் இரண்டு வாரம் பந்து எங்கே வேண்டுமானாலும் வரும்.